ஏடாரைத் தமிழ் கீழே இழுக்காது

சிட்னியின் மேற்குப் புறநகர்களில், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று எங்கே போனாலும், பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட தமிழ் வீடுகளில் ஒரு பேச்சு அடிபடும்: "தமிழ் எடுத்தால் ஸ்கேலிங்கில் கீழே இழுத்துவிடும்." எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் பதில் இராது. இன்னாருடைய மகனுக்கு அப்படி ஆனதாம். டியூஷன் வகுப்பில் சொன்னார்களாம். இணையத்தில் உள்ள ஏடார் கல்குலேட்டரில் போட்டுப் பார்த்தார்களாம். இதை நம்பித்தான், ஐந்து வயதிலிருந்து வார இறுதியில் தமிழ் வகுப்புக்கு வந்த பிள்ளைகள், தட்டுத் தடுமாறாமல் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், பதினோராம் வகுப்பின் வாசலில் வந்து தமிழை விட்டுவிடுகிறார்கள். வார இறுதிப் பள்ளி ஒன்றில் மேல் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில், கண்முன்னே காலியாகும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. இந்த நம்பிக்கை தவறு. உண்மையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னது என்றுகூட இதை விட்டுவிட முடியாது. கணக்கின் அடிப்படையையே தலைகீழாகப் பிடித்திருக்கிறது.

முதலில் ஏடார் என்பது என்ன? ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தரவரிசை எண். நியூ சவுத் வேல்ஸில் 2009இல், அதற்கு முன்பிருந்த யூ.ஏ.ஐ. என்ற எண்ணின் இடத்துக்கு வந்தது. 0 முதல் 99.95 வரை, 0.05 படிகளாக ஏறும். இது புள்ளி அல்ல, இடம். ஒரு பிள்ளைக்கு 80.00 என்றால் 100க்கு 80 எடுத்தாள் என்று பொருளில்லை. தன் வயதுப் பிள்ளைகளில் மேலே உள்ள 20 சதவீதத்துக்குள் நிற்கிறாள் என்று பொருள். இந்த "தன் வயதுப் பிள்ளைகள்" என்பதில் பன்னிரண்டாம் வகுப்பு வரை வராமல் இடையில் நின்றவர்களும் அடக்கம். அதனால்தான் ஏடார் பெறுகிறவர்களின் நடு எண் 50 ஆக இல்லாமல் 70ஐ ஒட்டி இருக்கிறது. 70 எடுத்த பிள்ளையைப் பார்த்து "எழுபதுதானா" என்று முகம் சுளிக்கும் பெற்றோர், சரியாக நடுவில் நிற்கும் ஒரு பிள்ளையைத் தோற்றவள் ஆக்கிவிடுகிறார்கள்.

இனி அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். கல்குலேட்டர்களை நம்புகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது. எச்.எஸ்.சி. என்ற பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை நடத்துவது நெசா என்ற மாநிலக் கல்வி அதிகாரசபை. ஏடாரைக் கணிப்பது யூ.ஏ.சி. என்ற சேர்க்கை மையம். இரண்டும் வேறு வேறு. நெசா நம் கையில் தரும் பெறுபேற்றுத் தாளில் உள்ள புள்ளி, பாதி பள்ளி மதிப்பீடு, பாதி இறுதிப் பரீட்சை. அந்தப் புள்ளி, பிள்ளை விடைத்தாளில் எடுத்த அசல் புள்ளியும் அல்ல. அந்தப் பாடத்தில் எந்தத் தரத்தை எட்டியிருக்கிறாள் என்று பார்த்து, 90க்கு மேல் பேண்ட் 6, 80க்கு மேல் பேண்ட் 5 என்று தர வரம்புகளுக்கு ஏற்பச் சீர்செய்து தருவது. விடைத்தாளில் அறுபது சொச்சம் எடுத்த பிள்ளைக்கு பெறுபேற்றுத் தாளில் 80 வரலாம். இந்தச் சீர்செய்தல் பாடத்துக்குப் பாடம் வேறுபடும்.

யூ.ஏ.சி. எடுத்துக்கொள்வது இந்தப் பெறுபேற்றுத் தாளின் புள்ளியை அல்ல. சீர்செய்வதற்கு முந்திய அசல் புள்ளியை. அது பெறுபேற்றுத் தாளில் இராது. அதிலிருந்து ஸ்கேலிங் செய்து வரும் புள்ளியும் யாருக்கும் அனுப்பப்படுவதில்லை. ஆக, கணக்கின் தொடக்கமும் நடுவும் நம் கண்ணுக்கு மறைந்தவை. கடைசி எண் மட்டும் டிசம்பர் நடுவில் வருகிறது. இப்படி இருக்க, பத்தாம் வகுப்பு நடுவிலேயே, பாடத்தைப் படிக்கத் தொடங்கும் முன்னரே, ஒரு கல்குலேட்டர் இரண்டு தசமத் துல்லியத்தில் ஓர் எண்ணைச் சொல்கிறது என்றால், அந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது?

போன ஆண்டு பாடத் தெரிவு நேரத்தில் ஒரு தகப்பன் வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று தன் கைபேசியைக் காட்டினார். "ரீச்சர், இஞ்ச பாருங்கோ. தமிழோட போட்டா 88.30. தமிழை எடுத்துப்போட்டு எக்கொனமிக்ஸ் போட்டா 91.05. நானா சொல்லுறன்? அதுதான் சொல்லுது."

தமிழுக்கு எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டேன். 82 என்றார். அந்த 82 எங்கிருந்து வந்தது? "ஒரு கதைக்குப் போட்டனான்." எக்கொனமிக்ஸுக்கு? "அதுக்கும் 82 தான். ரெண்டுக்கும் ஒண்டுதானே போட்டுப் பாக்கவேணும்?"

இங்கேதான் முழுப் பிழையும் இருக்கிறது. அவருடைய மகளுக்குத் தமிழ் பத்து வருடப் பழக்கம். எக்கொனமிக்ஸ் அவள் ஒரு நாளும் படித்திராத பாடம். ஒரே பிள்ளை இரண்டிலும் 82 எடுப்பாள் என்று எடுத்துக்கொண்டால்தான் அந்த ஏறத்தாழ மூன்று புள்ளி வித்தியாசம் வரும். ஆனால் ஸ்கேலிங் என்ற ஏற்பாடே, இரண்டு பாடங்களின் 82 ஒன்றல்ல என்பதைச் சரிக்கட்டத்தான் வந்தது. வல்லவர்கள் நிறைந்த பாடத்தில் 82 எடுப்பது கடினம். அதனால் அந்த 82க்கு மதிப்பு கூட. மற்றதில் 82 எடுப்பது எளிது என்றால் மதிப்பு குறைவு. எளிதாகக் கிடைக்கும் இடத்தில் கிடைக்கும் புள்ளியையே கடினமான இடத்திலும் போட்டுவிட்டு, "பார், கூடுகிறது" என்று சொல்வது, அந்தச் சரிக்கட்டலை மட்டும் எடுத்துக்கொண்டு அது எதைச் சரிக்கட்டுகிறதோ அதை விட்டுவிடுவது. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: என் மகள் தமிழில் எந்த இடத்தில் நிற்பாள், எக்கொனமிக்ஸில் எந்த இடத்தில் நிற்பாள்? இதற்கு எந்தக் கல்குலேட்டரும் பதில் சொல்லாது. மகளிடம் கேட்டால் கிட்டத்தட்ட ஒரு பதில் கிடைத்திருக்கும். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஸ்கேலிங் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பயம் முழுவதும் அது தெரியாத இருட்டிலிருந்துதான் கிளம்புகிறது. தமிழ் எழுதிய பிள்ளைகள் அனைவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஆங்கிலத்தில் எப்படிச் செய்தார்கள், கணிதத்தில் எப்படி, வேதியியலில் எப்படி என்று யூ.ஏ.சி. பார்க்கிறது. எல்லாப் பாடங்களிலுமாகச் சேர்ந்து அந்தக் கூட்டம் எவ்வளவு வலுவான கூட்டமோ, அதுவே தமிழின் ஸ்கேலிங் சராசரி ஆகிறது. கணிதத்துக்கும் இதே முறை, இசைக்கும் இதே முறை. ஒவ்வொரு பாடத்தின் சராசரியும் மற்றப் பாடங்களில் தங்கியிருப்பதால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தீர்க்கிறார்கள். ஆண்டுதோறும் அந்த ஆண்டுப் பிள்ளைகளை வைத்துப் புதிதாகவே தீர்க்கிறார்கள். தமிழ் "லேசான பாடம்" என்று யாரும் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. மொழிக்கு ஒரு விகிதம், விஞ்ஞானத்துக்கு ஒரு விகிதம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. பாடத்துக்குள் பிள்ளையின் இடமும் மாறுவதில்லை. தமிழில் மூன்றாவதாக வந்தவள் ஸ்கேலிங்குக்குப் பிறகும் மூன்றாவதுதான்.

"ஆனால் 85 எடுத்த பிள்ளைக்கு ஸ்கேலிங்குக்குப் பிறகு அறுபதுதானே வந்தது" என்பார்கள். யூ.ஏ.சி. ஆண்டுதோறும் வெளியிடும் ஸ்கேலிங் அறிக்கையில் இப்படியான எண்களைப் பார்த்துத் திடுக்கிடுகிறவர்கள் உண்டு. அந்த அட்டவணையில் தமிழ் வரியை மட்டும் பார்க்காமல் மேலும் கீழும் பாருங்கள். ஏறத்தாழ எல்லாப் பாடங்களிலும் எண் குறைகிறது. காரணம் எளிது. பெறுபேற்றுத் தாளின் புள்ளிகள் எழுபது எண்பதுகளில் குவிகின்றன. ஸ்கேலிங் அளவுகோலோ ஒரு யூனிட்டுக்கு 50 (ஒரு பாடம் பெரும்பாலும் இரண்டு யூனிட்). அதில் முழுக் கூட்டத்தின் சராசரி 25. அதாவது நூற்றுக்கு ஐம்பதை நடுவாக வைத்த கோல். ரூபாயை டொலராக மாற்றினால் எண் சிறுக்கிறது; யாரும் பணத்தைத் தொலைத்துவிட்டேன் என்று அழுவதில்லை. இங்கே மட்டும் இருபத்தைந்து புள்ளியைத் தமிழ் தின்றுவிட்டது என்கிறார்கள். இதே குழப்பத்தின் மறுபக்கம்தான் கூட்டுத்தொகை. பத்து யூனிட்டுக்கு மொத்தம் 500 என்றதும், 90 ஏடாருக்கு 450 வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதைவிடக் கணிசமாகக் குறைந்த கூட்டுத்தொகையிலேயே 90 வந்துவிடுகிறது.

இப்போது, வாதத்தை ஒரே அடியில் முடித்துவிடக்கூடிய ஒன்று. ஏடாருக்கு எடுத்துக்கொள்ளப்படுவது பத்து யூனிட்டுகள். ஆங்கிலத்தில் சிறந்த இரண்டு யூனிட் கட்டாயம். மிச்ச எல்லாவற்றிலும் சிறந்த எட்டு யூனிட். பத்து யூனிட்டை மட்டும் வைத்துக்கொண்டு தமிழையும் அதற்குள் எடுக்கிறவர்கள் சிலர். ஆனால் நான் பார்க்கும் பிள்ளைகளில் பலர் பன்னிரண்டு யூனிட் எடுக்கிறார்கள். தமிழ் அந்தப் பத்துக்கு மேல் வரும் பாடம். அப்படி எடுக்கும் பிள்ளைக்கு, தமிழ் அவளுடைய மற்றப் பாடங்களைவிட நன்றாக அமைந்தால் கணக்கில் சேரும். அமையாவிட்டால் வெளியே நிற்கும். கூட்டலாமே தவிர, குறைக்க வழியே இல்லை. பன்னிரண்டு யூனிட் எடுக்கும் பிள்ளையிடம் போய்த் தமிழ் உன் ஏடாரைக் கீழே இழுக்கும் என்று சொல்கிறவர், யூ.ஏ.சி.யின் அடிப்படை விதியையே அறியாதவர். இந்த ஒரு விதியை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்? நான் கேட்ட வீடுகளில் பாதிக்கும் குறைவு. அதேசமயம், எவ்வளவு மோசமானாலும் கணக்கிலிருந்து விலக்க முடியாத ஒரே பாடம் ஆங்கிலம். 500இல் 100 அதற்கு. ஸ்கேலிங்குக்குப் பயந்து தமிழை விடும் வீடுகளில் ஆங்கிலக் கட்டுரைக்கு அந்தக் கவலையில் கால்வாசிகூட இல்லை.

இந்த வதந்தியின் மிகக் கொடிய வேலை இனித்தான். ஒரு பாடத்தின் ஸ்கேலிங் சராசரி, அதை எடுக்கும் பிள்ளைகளின் பொதுவான வலுவைப் பொறுத்தது என்றேன். தமிழ் எழுதுவோர் கூட்டம் மாநிலம் முழுவதும் சேர்த்தாலும் சிறியது. இந்தக் கூட்டத்திலிருந்து கணிதத்திலும் வேதியியலிலும் கெட்டிக்காரியான ஒரு பிள்ளையைப் பயந்து வெளியே எடுத்தால் என்ன ஆகும்? மிஞ்சிய கூட்டத்தின் சராசரி இறங்கும். அடுத்த ஆண்டு அறிக்கையில் அந்த இறக்கம் தெரியும். "பார்த்தீர்களா, தமிழ் ஸ்கேல் ஆகவில்லை" என்று அதையே சான்றாகக் காட்டி இன்னும் மூன்று கெட்டிக்காரப் பிள்ளைகளை வெளியே எடுப்பார்கள். பொய்யாகத் தொடங்கிய ஒன்றை மெய்யாக்குவது இந்த வழிதான், அதைச் செய்வது நெசாவோ யூ.ஏ.சி.யோ அல்ல, நாம். நம் பிள்ளைகள் எல்லாப் பாடங்களிலும் முன்னால் நிற்கிறார்கள் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறோம். அந்தப் பிள்ளைகள் எழுதும் பாடம் தாழ்ந்து ஸ்கேல் ஆகும் என்றும் நம்புகிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. முதலாவது உண்மையானால், அந்தப் பிள்ளைகள் தமிழ் எழுதும்போது தமிழின் சராசரி ஏறத்தான் வேண்டும்.

இப்படி ஒரு கணக்கை ஏன் இவ்வளவு படித்த சமூகம் பிழையாகப் பிடித்தது? அறிவு குறைவால் அல்ல. நாம் வேறு வேறு ஊர்களிலிருந்து வேறு வேறு கணக்குப் பழக்கத்தோடு வந்திருக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கட்-ஆஃப் பழக்கம்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. 2007இல் பொறியியல் நுழைவுத் தேர்வு போன பிறகு, முடிவு வந்த அன்றே ஒரு துண்டுத் தாளில் கூட்டிவிடலாம். யார் வேண்டுமானாலும் கூட்டலாம், எல்லாருக்கும் ஒரே விடை. அந்தக் கண்ணோடு ஏடாரைப் பார்த்தால், புள்ளி கையில் இருந்தால் எண் தானாக வரவேண்டும் என்றுதான் தோன்றும்.

இலங்கையிலிருந்து வந்தவர்களின் நிலை இன்னும் ஆழமானது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் என்ற பெயரில் தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்குக் கூடுதல் வெட்டுப்புள்ளி வைத்ததை எங்கள் பெற்றோர் தலைமுறை தன் உடம்பிலேயே உணர்ந்தது. புள்ளியை எடுத்தபின் ஓர் அதிகாரம் அதைத் தொட்டுத் திருத்தும் என்றாலே வயிற்றைக் கலக்கும். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதை நான் லேசாகப் பேசமாட்டேன். ஆனால் இங்கே நடப்பது அது அல்ல. அங்கே மொழியைப் பார்த்து, பிறகு மாவட்டத்தைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். இங்கே தமிழ் எழுதும் பிள்ளை தமிழர் என்பது கணக்குக்கே தெரியாது. அவள் மற்றப் பாடங்களில் எப்படிச் செய்தாள் என்பது மட்டுமே தெரியும்.

அதே இலங்கையில் 2001இல் வந்த இசட் புள்ளி முறையில் உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்ள வேண்டியவர்கள். பாடச் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுப்பது இசட் புள்ளி. மூன்று ஏ எடுத்த இரண்டு பேருக்கு வெவ்வேறு இசட் புள்ளி வந்ததையும், அதை வீட்டில் கணக்குப் போட முடியாமல் திணைக்களம் வெளியிடும்வரை காத்திருந்ததையும் அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தன் புள்ளி மட்டும் போதாது, எல்லாருடைய புள்ளியும் தெரிந்தால்தான் கணிக்கலாம் என்பது அங்கேயே கற்ற பாடம். ஏடார் இன்னும் ஒரு படி அப்பால்: எல்லாருடைய எல்லாப் பாடப் புள்ளியும் வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் நியாயமாகச் சொல்லக்கூடியவையும் உண்டு. யூ.ஏ.சி.யே "ஏடார் காம்பஸ்" என்று ஒரு கருவி தருகிறதே, கணிப்பே கூடாது என்றால் அவர்கள் ஏன் தருகிறார்கள் என்று கேட்கலாம். கணிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயில், பள்ளிப் பரீட்சைகள் பல எழுதிய பிறகு, எந்தப் பாடநெறிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பருமட்டாக அறிய அது உதவும். கடந்த ஆண்டுகளின் தரவிலிருந்து வரும் மதிப்பீடு அது, உறுதிமொழி அல்ல. ஆனால் அந்த மதிப்பீட்டுக்குள் போடும் எண்ணும் ஊகமாக இருந்தால்? பள்ளி நடத்தும் டிரையல் பரீட்சைப் புள்ளியைத்தான் பெரும்பாலோர் போடுகிறார்கள். அது எச்.எஸ்.சி. புள்ளி அல்ல. சில பள்ளிகள் இறுக்கித் திருத்தும், சில தாராளமாகத் திருத்தும். பள்ளி மதிப்பீட்டை நெசா, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் இறுதிப் பரீட்சையில் செய்ததை வைத்து மறுபடி சீர்செய்யும். வகுப்புக்குள் இருந்த வரிசை நிலைக்கும், எண் நிலைக்காது. ஐந்து பாடங்களிலும் ஊகம் நாலு புள்ளி பிசகினால், கூட்டுத்தொகையில் 20 போய்விடும். மேலே 99ஐச் சுற்றி நிற்கும் பிள்ளைக்கு அதனால் ஏடார் ஏறத்தாழ ஒரு புள்ளிதான் நகரும். கூட்டம் நெரியும் நடுப்பகுதியில் மூன்று நான்கு புள்ளி நகரும். ஆக 88.30, 91.05 என்ற அந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று பெருமளவு மூடிக்கொள்ளும் இரண்டு பரந்த வரம்புகள். அவற்றுக்கு இடையில் தெரிந்த வித்தியாசம் வித்தியாசமே அல்ல.

பாடத்திட்டம் மாறும் ஆண்டுகளில் நிலைமை இன்னும் மோசம். புதிய ஆங்கிலப் பாடத்திட்டமும் புதிய விஞ்ஞானப் பாடத்திட்டங்களும் 2019இல் முதன்முறை பரீட்சைக்கு வந்தன. உயர்கணிதத்தின் புதிய பாடத்திட்டம் 2020இல். அந்தப் பிள்ளைகளுக்குப் பழைய அட்டவணையைக் காட்டிச் சொன்ன ஏடார்களுக்கெல்லாம் காலடியில் நிலமே இல்லை.

"எக்ஸ்டென்ஷன் 2 கணிதம் எப்போதும் மேலேதானே போகிறது" என்பது இன்னொரு வாதம். போகிறது, ஏனென்றால் அதை எடுப்பவர்கள் எல்லாப் பாடத்திலும் வலுவானவர்கள். அந்தக் கூட்டத்தின் கடைசியில் போய் நிற்கும் பிள்ளைக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. அவள் அங்கே இழக்கும் மணிநேரமும் தன்னம்பிக்கையும் மற்ற நாலு பாடங்களிலும் தெரியும். நம் வீடுகளிலேயே இன்னொரு வதந்தியும் உலவுகிறது: கடின கணிதத்தை விட்டு லேசான கணிதம் எடுத்தால் ஏடார் கூடும் என்று. ஒரே வீதியில் இரண்டு வீடுகளில் நேர் எதிரான இரண்டு ஆலோசனை, இரண்டுக்கும் அதே கல்குலேட்டர்தான் சான்று.

என்னால் மறுக்க முடியாத ஒரு வாதம் உண்டு, அதை ஏற்றுக்கொள்கிறேன். இங்கேயே பிறந்த பிள்ளைக்கு, ஊரிலிருந்து அண்மையில் வந்த பிள்ளையோடு தமிழில் போட்டியிடுவது கஷ்டம். எச்.எஸ்.சி. தமிழில் பேச்சுத் தேர்வு உண்டு. கேட்டு விடையளிக்க வேண்டும், படித்து விடையளிக்க வேண்டும், தமிழில் எழுத வேண்டும். வீட்டில் தமிழே புழங்காத பிள்ளைக்கு இது உண்மையான சுமை. அப்படிப்பட்ட பிள்ளை விலகினால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது அவளுடைய தமிழைப் பற்றிய தீர்மானம், ஸ்கேலிங்கைப் பற்றியதல்ல. நான் வருந்துவது, தமிழ் நன்றாக வந்தும் விலகுகிறவளுக்காக. பாடத்தில் ஒரு தலைப்பை ஆழ்ந்து படிக்கும் பகுதிக்குத் தன் பேத்தியாரின் இடப்பெயர்வையே தலைப்பாக எடுத்துக்கொண்டு, "வன்னிக்குப் போனதும் அவை முதல் கட்டினது கிணறு" என்று வகுப்பில் நிமிர்ந்து நின்று சொன்ன ஒரு பிள்ளை இருந்தாள். அடுத்து ஏன் கிணறு முதலில் என்று கேட்டதற்கு, நிலத்தடி நீர், தோட்டம், கடன் என்று ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். பேச்சுத் தேர்வில் முழுப் புள்ளியை நெருங்கக்கூடிய அந்தப் பிள்ளையின் பாடத் தெரிவுப் படிவத்தில், இரண்டு வாரம் கழித்து, தமிழ் வெட்டப்பட்டிருந்தது. காரணம் கேட்டேன். "ஸ்கேலிங், ரீச்சர்."

நேரம் என்ற தடையும் சொல்லப்படுகிறது. உண்மைதான், பன்னிரண்டு யூனிட் சுமைதான். ஆனால் பத்து வருடம் படித்த பாடத்துக்கும் சுழியத்திலிருந்து தொடங்கும் பாடத்துக்கும் ஒரே நேரம் போகாது. எச்.எஸ்.சி.யைப் பல ஆண்டுகளில் பகுதி பகுதியாக முடிக்க விதி இடம் கொடுக்கிறது. பதினோராம் வகுப்பிலேயே தமிழை எழுதி முடித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பை மற்றப் பாடங்களுக்கு விட்டுக்கொடுக்கும் பிள்ளைகளும் உண்டு. ஏடார் மட்டும் வாசல் அல்ல என்பதையும் மறந்துவிடுகிறோம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து மருத்துவத்துக்கு ஏடாரோடு யூகேட் பரீட்சையும் நேர்முகமும் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் ஏடாருக்கு மேல் சேர்ப்புப் புள்ளிகள் தந்து ஒரு தெரிவு எண்ணை வைத்தே இடம் கொடுக்கின்றன. ஏடார் வரும் முன்னரே இடம் கிடைத்துவிடும் பிள்ளைகளும் ஏராளம்.

நம் சமூகத்துக்கு உண்மையில் ஒரு முறையீடு இருந்தால் அது வேறு இடத்தில் இருக்கிறது. விக்டோரியாவில் மொழிப் பாடங்களை ஊக்குவிக்க, அவற்றின் ஸ்கேலிங் சராசரியில் 5 புள்ளி கூட்டித் தருகிறார்கள். மெல்பர்னில் தமிழ் எழுதும் பிள்ளைக்கு அந்த ஏற்றம் உண்டு. சிட்னியில் எழுதும் பிள்ளைக்கு இல்லை. மொழி படிப்பதை ஓர் அரசு பொதுநலமாகக் கருதுகிறதா என்ற கொள்கைக் கேள்வி இது. இதைத் தமிழ்ச் சங்கங்கள் தனியே கேட்க வேண்டியதில்லை. கிரேக்கர், வியட்நாமியர், அரபு மொழியினர் என்று இதே வார இறுதிப் பள்ளிகளை நடத்தும் எல்லாரோடும் சேர்ந்து மாநில அரசிடம் கேட்கலாம். ஆனால் கேட்கப் போகும் நாளில் அமைச்சர் முதலில் பார்க்கப்போவது, தமிழ் எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற எண்ணைத்தான். அந்த எண்ணை ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்பு வீடுகளின் சாப்பாட்டு மேசையில், யாரோ சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி, நாமே குறைத்துக்கொண்டிருக்கிறோம். டியூஷன் வகுப்பு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: அடுத்த முறை ஒரு பிள்ளைக்கு ஏடார் கணித்துச் சொல்லும்போது, அவளுடைய பத்து யூனிட்டுகளையும் பன்னிரண்டு யூனிட்டுகளையும் தனித்தனியே போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் போட்ட எண் எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். விடையை ஓர் எண்ணாகத் தராமல் எதிலிருந்து எது வரை என்று தாருங்கள். பிறகு அந்தத் தாளைப் பிள்ளையின் கையில் கொடுத்து, தமிழை வைத்திருப்பதா விடுவதா என்று அவளையே கேளுங்கள்.